கணினிக்குத் தமிழ் தெரியாது, எண்தான் தெரியும்!

கங்கைகொண்டான் என்றதும் இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். திருநெல்வேலியிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில் செல்பவர்கள் சிப்காட் வளாகத்தைப் பார்க்காமல் போக முடியாது. எல்காட் நிறுவனம் உருவாக்கிய தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் அங்கேதான் இருக்கிறது. டாட்டா பவர் நிறுவனத்தின் சூரிய மின்கலத் தொழிற்சாலை 2024-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கணினி, மென்பொருள், சிலிக்கான் ஆகிய மூன்றுமே அந்த ஊருக்குப் புதிய சொற்கள் அல்ல.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரியவர் பட்டா மாறுதலுக்கு மனு எழுத ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டிய மனு. கடைக்காரத் தம்பி வேகமாகத் தட்டச்சு செய்து கொடுக்கிறார். பெரியவர் அந்தக் கோப்பை சென்னையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறார். மகள் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன.

"தம்பி, எம் மவ போன்ல ஏதோ இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியுதாம்."

"அக்கா போன்ல ஃபாண்ட் இருக்காது அண்ணாச்சி, அதான்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தமிழில் ஏதாவது ஒரு கோப்பை அடித்தவர்களும் அனுப்பியவர்களும் இந்தப் பதிலை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். அந்தப் பதில் பாதி உண்மை. மீதி உண்மையைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கணினி வகுப்புகளில் எம்.எஸ். வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கணினியின் முதல் பாடமாக இருக்க வேண்டியது இதுதான். காரணத்தைத் தெரிந்துகொள்ள அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிட், பைட் என்றால் என்ன?

கணினியின் மூளையான சில்லுக்குள் டிரான்சிஸ்டர் எனப்படும் மிகச் சிறிய சுவிட்சுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இவை சிலிக்கானில் உருவாக்கப்படுபவை. கங்கைகொண்டான் தொழிற்சாலையில் சூரிய மின்கலமாக மாறுவதும் இதே சிலிக்கான்தான். அங்கே அது வெளிச்சத்தை மின்சாரமாக்குகிறது. சில்லுக்குள் அது மின்சாரத்தை விடுவதும் தடுப்பதுமாக இருக்கிறது.

சுவிட்சுக்கு இரண்டே நிலைதான். போட்டிருக்கும், அல்லது அணைந்திருக்கும். போட்டிருந்தால் 1, அணைந்திருந்தால் 0. இந்த ஒற்றைத் தகவலுக்குப் பெயர் பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு சுவிட்சுக்கு 2 நிலை, இரண்டு சுவிட்சுக்கு 4 நிலை, மூன்றுக்கு 8. இப்படியே போனால் எட்டு சுவிட்சுக்கு 256 நிலைகள். ஆகவே ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள ஏதாவது ஓர் எண்ணை வைக்கலாம்.

கணினியிடம் இருப்பது இவ்வளவுதான். பாட்டு, படம், வீடியோ, வங்கிக் கணக்கு, மனு எல்லாமே உள்ளே வெறும் எண்கள்தான். கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது.

எழுத்து எண்ணாவது எப்படி?

எழுத்தை எண்ணாக வைக்க வேண்டும் என்றால், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குத்தான் குறியாக்கம் என்று பெயர். ஆங்கிலத்துக்கு இந்த வேலையை அமெரிக்காவில் 1963-லேயே செய்துவிட்டார்கள். ஆஸ்கி என்பது அதன் பெயர். 0 முதல் 127 வரை மொத்தம் 128 எண்கள். பெரிய ஏ எழுத்துக்கு 65, சின்ன ஏ எழுத்துக்கு 97. ஒரு கணினியில் 65 என்று சேமித்ததை இன்னொரு கணினியில் திறந்தாலும் ஏ என்றே தெரியும். எல்லோரும் ஒரே அட்டவணையை வைத்திருப்பதே காரணம்.

தமிழுக்கு என்ன ஆயிற்று? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 எழுத்துகள். ஒரு பைட்டில் 256 எண்கள் இருக்கின்றனவே, போதாதா என்று கேட்கலாம். போதாது. முதல் 128 எண்களை ஆங்கிலம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. மீதி 128-க்குள் 247 எழுத்துகள் அடங்காது. எனவே தமிழ் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று வைத்தார்கள். அச்சுக்கோர்ப்பவர் ஈய எழுத்துகளை அடுக்குவது போன்ற ஏற்பாடுதான் இது.

ஆளுக்கொரு எண்!

இதுவரை தப்பில்லை. தப்பு அடுத்து நடந்தது. 1980-களிலும் 90-களிலும் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு அட்டவணையை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கொம்புக்கு வைத்த எண்ணை இன்னொருவர் 'ழ'வுக்கு வைத்தார். சிலர் இன்னும் சுலபமான வழியைப் பிடித்தார்கள். ஆங்கில எழுத்துகளின் எண்ணையே எடுத்துக்கொண்டு, திரையில் காட்டும் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றிவிட்டார்கள்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துரு இதற்கு நல்ல உதாரணம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் அழகாகத் தமிழ் என்றே தெரியும். ஆனால் கோப்பில் சேமிக்கப்படுவது 106, 107, 112, 111, 59 ஆகிய எண்கள். ஆஸ்கி அட்டவணையில் இவை என்ன? ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி! அதாவது கணினியைப் பொறுத்தவரை அங்கே ஒரு தமிழ் எழுத்துகூட எழுதப்படவில்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் வேடம் போட்டு நின்றன. வேடத்தைக் கலைத்தால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பெரியவரின் மகள் பார்த்தது இதைத்தான்.

'ஃபாண்ட் இல்லை' என்ற பதில் ஏன் பாதி உண்மை என்பது இப்போது புரியும். எழுத்துரு இல்லாதது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் மட்டுமே படிக்க முடிகிற நிலையில் அதை எழுதியதுதான் கோளாறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து திஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியபோது அதைத்தான் பயன்படுத்தியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியாக டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. நல்ல முயற்சிகள்தான். ஆனால் பொது அட்டவணையே இரண்டு மூன்று ஆகிவிட்டால் அது எப்படிப் பொதுவாகும்? கடைகளும் அலுவலகங்களும் பழகிய எழுத்துருவையே பிடித்துக்கொண்டன.

யூனிகோட் வந்தது

யூனிகோட் என்பது உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. தமிழில் இதை ஒருங்குறி என்பார்கள். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு. இந்த எண்களை வேறு எந்த மொழியும் தொட முடியாது. யூனிகோடில் 'தமிழ்' என்று அடித்தால் 2980, 2990, 3007, 2996, 3021 என்று சேமிக்கப்படும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இதை ஜப்பானில் திறந்தாலும் தமிழ்தான், தாழையூத்தில் திறந்தாலும் தமிழ்தான்.

விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவுடன் யூனிகோட் தமிழ் வந்தது. பிறகு இகலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் வந்தன. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் கைகொடுத்தன. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற 16 பிட் குறியாக்கத்தையும் தரமாக ஏற்று அரசாணை வெளியிட்டது.

ஏழு எழுத்து, பதின்மூன்று எண்

யூனிகோடைப் புரிந்துகொள்ள கங்கைகொண்டான் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழாசிரியரிடம் கேட்டால் க, ங், கை, கொ, ண், டா, ன் என ஏழு எழுத்து என்பார். சரிதான். ஆனால் யூனிகோடில் இது பதின்மூன்று எண்கள். 'க' மட்டும் ஒன்று. மற்ற ஆறும் இரண்டிரண்டு. ஏனென்றால் 'ங்' என்பது ங-வும் புள்ளியும், 'கை' என்பது க-வும் ஐகாரக் குறியும், 'டா' என்பது ட-வும் காலும்.

இன்று இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணுக்கும் மூன்று பைட் ஆகும். ஆகவே ஊர்ப் பெயருக்கு 39 பைட். எஸ்எம்எஸ்-சில் ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம், தமிழில் 70 தான் என்பதற்கும் காரணம் இதுவே. ஒரு செய்திக்கு உள்ள இடம் 140 பைட். ஆங்கிலத்தை ஏழு ஏழு பிட்டாக அடுக்கினால் 160 போகும். தமிழுக்கு எஸ்எம்எஸ்-சில் ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும் என்பதால் 70-தான். கங்கைகொண்டான் என்று ஒரு முறை எழுதினால் அதில் 13 போய்விடும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுத யூனிகோட் இடம் தருகிறது. ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் ஊர்ப்பெயர் 13 எண், மற்றதில் 14 எண். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. அந்த விதிப்படி ஒழுங்குபடுத்தாத மென்பொருளில் ஒரு விதமாகத் தேடினால் மற்ற விதமாகப் பதிந்தது கிடைக்காது. 'பதிவு இல்லை' என்று கணினி சொல்லும்போது ஊர் இல்லாமல் போகவில்லை, எண்தான் பொருந்தவில்லை.

இதைவிட அதிகம் நடப்பது மனிதர்கள் செய்யும் கோளாறு. ஔவையார் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ போட்டு அதன் அருகே ள போடுவது. காலுக்குப் பதில் ர போடுவது. பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் 'ஔ'வின் எண் 2964. ஒ என்றால் 2962, ள என்றால் 2995. கணினிக்கு அது வேறு சொல். தமிழ் எண்ணான ௧-வும் க என்ற எழுத்தும் ஒரே மாதிரி தெரியும். முதலாவது 3047, இரண்டாவது 2965. கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டுவிடும் பழக்கம் காகிதத்துக்குப் போதும், கணினிக்குப் போதாது.

மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்

சாதாரணமாகக் கணினி பயன்படுத்துபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது மூன்று விஷயங்கள்தான்.

1. விசைப்பலகை: எந்தக் கட்டையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பது. தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஆங்கில உச்சரிப்பு முறை என்று பல உண்டு.

2. குறியாக்கம்: அந்த எழுத்து எந்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது என்பது.

3. எழுத்துரு: அந்த எண்ணைத் திரையிலும் தாளிலும் எந்த உருவத்தில் காட்டுவது என்பது.

இவை மூன்றும் வேறு வேறு. இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும் முன் ணை, லை, னை போன்ற எழுத்துகளுக்கு மேலே துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும். பழைய புத்தகங்களில் பார்க்கலாம். இன்று யூனிகோடில் ண-வும் ஐகாரக் குறியும் சேர்ந்தால் ணை. எண்கள் மாறுவதில்லை. பழைய வடிவத்தில் வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் துதிக்கையோடு தெரியும், புதிய எழுத்துருவில் துதிக்கை இல்லாமல் தெரியும். எழுத்துரு என்பது சட்டை. குறியாக்கம்தான் ஆள். பழைய தனியார் எழுத்துருக்களில் சட்டையைக் கழற்றினால் உள்ளே ஆளே வேறு!

சொல்லப்படும் சாக்குகள்

யூனிகோடில் அடிக்கச் சொன்னால் கடைகளிலும் அலுவலகங்களிலும் சில பதில்கள் வரும். அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"டைப்ரைட்டிங்ல லோயர், ஹையர் எல்லாம் பாஸ் பண்ணிப் பழகின கை. புதுசா மாத்த முடியாது." நியாயமான கவலை. ஆனால் கையை மாற்றவே வேண்டாம். இகலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருக்கிறது. அதே கட்டையை அதே வேகத்தில் தட்டலாம். உள்ளே சேமிக்கப்படும் எண் மட்டும் யூனிகோடாக இருக்கும். விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு என்று தெரியாததால் வந்த பயம் இது.

"பேஜ்மேக்கர்ல யூனிகோட் வேலை செய்யாது." உண்மைதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். கால் நூற்றாண்டு பழைய மென்பொருளுக்காக ஒரு மொழியே காத்திருக்க முடியாது. இன்டிசைனின் இன்றைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் சரியாக வருகிறது. காசு இல்லாத சின்னக் கடைக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அச்சடித்ததோடு முடிந்துவிடும். அதற்குப் பழைய எழுத்துரு போதும் என்றால் போகட்டும். மனுவும் பத்திரமும் தீர்மானமும் புத்தகமும் அப்படியல்ல. அவை திரும்பத் தேடப்படுபவை.

"யூனிகோட் நிறைய இடம் பிடிக்கும்." ஒரு பக்கத்துக்கு 1500 எண் வீதம் 300 பக்கப் புத்தகம் என்றால் நாலரை லட்சம் எண்கள். மூன்றால் பெருக்கினால் 13.5 லட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 1.35 மெகாபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் இதைவிடப் பெரிது. 1995-ல் இது சரியான வாதம். இப்போது இல்லை.

"யூனிகோடில் தமிழுக்கு அநியாயம் நடந்திருக்கிறது." இது கொஞ்சம் கனமான வாதம். இதில் உண்மையும் இருக்கிறது. இந்திய மொழிகளுக்காக 1988-ல் வந்த இஸ்கி அட்டவணையை அடிப்படையாகக் கொண்டதால், தமிழ் எழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து நிற்கிறது. 'ழ' என்பது 'ள'வுக்கு அடுத்து வருகிறது. எண்ணை மட்டும் பார்த்து அகரவரிசைப்படுத்தினால் தப்பாகத்தான் வரும். மெய்யெழுத்துக்கும் அகரம் ஏறியவை தவிர்த்த மற்ற உயிர்மெய்க்கும் தனி எண் இல்லை. இதற்கு மாற்றாகத்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் டேஸ்16 வந்தது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் எந்தச் செல்போனும் அதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. அகரவரிசைக் குறையை மென்பொருளில் சரிசெய்துவிடலாம், செய்தும் இருக்கிறார்கள். குறையுள்ள பொதுச் சாலையும் குறையில்லாத தனிச் சாலையும் இருந்தால், பஸ் போவது பொதுச் சாலையில்தான்.

யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் கண் தெரியாதவர்களுக்கு. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோட் தமிழைத் தமிழாகவே வாசிக்க வைக்கலாம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைக் கொடுத்தால் அது 'ஜே கே பி ஓ' என்றுதான் தடுமாறும். பார்வையற்ற ஒரு மாணவருக்குத் தமிழ்ப் பாடக்குறிப்பைப் பழைய எழுத்துருவில் கொடுப்பதும் வெள்ளைத் தாளைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

இரண்டாவது நஷ்டம் தேடுபவர்களுக்கு. பழைய எழுத்துருவில் உள்ள ஒரு தீர்மானத்திலோ பட்டியலிலோ 'சிற்றாறு' என்று தமிழில் தேடினால் எதுவும் வராது. உள்ளே சிற்றாறு இல்லையே, ஆங்கில எழுத்துகள்தானே இருக்கின்றன! பக்கம் பக்கமாகக் கண்ணால் புரட்ட வேண்டும். தகவல் இருந்தும் இல்லாத மாதிரி. கூகுள் தேடல், இயந்திர மொழிபெயர்ப்பு, இன்றைய செயற்கை நுண்ணறிவு எல்லாமே யூனிகோட் எழுத்தைப் படித்துத்தான் தமிழ் கற்கின்றன. பழைய எழுத்துருவில் தூங்கும் தமிழ் அவற்றின் கணக்கில் தமிழே அல்ல.

மூன்றாவது நஷ்டம் நாளைய தலைமுறைக்கு. இதைத் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு தமிழில்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து வட்டெழுத்து. சோழர்கள் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு அவர்களின் தமிழ் எழுத்து அங்கே பரவி, வட்டெழுத்து மெல்ல வழக்கொழிந்தது. கங்கைகொண்டான் என்ற ஊர்ப்பெயரே அந்தச் சோழர்களின் ஞாபகம்தான். இன்று வட்டெழுத்தைப் படிக்கக் கல்வெட்டு அறிஞர் வேண்டும். நல்லவேளையாக அது கல்லில் இருந்தது, படிக்க ஆள் வரும் வரை ஆயிரம் வருடம் காத்திருந்தது. ஃபிளாப்பியும் சிடியும் பென்டிரைவும் அப்படிக் காத்திருக்காது. 1990-களில் பழைய எழுத்துருவில் அடித்த ஊர் வரலாறுகள், சிறுபத்திரிகைகள், ஆய்வேடுகள் எத்தனை இப்படிக் கிடக்கின்றனவோ!

இதில் ஒரு விந்தையும் இருக்கிறது. செல்போனில் தமிழில் தட்டும் ஒவ்வொருவரும் தெரியாமலேயே யூனிகோடில்தான் எழுதுகிறார்கள். வீட்டில் இருக்கும் பாட்டி, பேரனுக்கு 'சாப்டியாய்யா' என்று அனுப்பும் வாட்ஸப் செய்தியை உலகின் எந்த மூலையிலும் படிக்கலாம், தேடலாம், வாசிக்கவும் வைக்கலாம். ஆனால் படித்தவர்கள் அலுவலகக் கணினியில் அடித்து, சீல் வைத்துக் கையெழுத்திட்ட கடிதத்தின் கோப்பு பக்கத்து மேசைக் கணினியில்கூடத் திறக்காமல் போகலாம். பாட்டியின் தமிழ் பத்திரமாக இருக்கிறது, ஆபீஸ் தமிழ்தான் ஆபத்தில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவோ பெரிய படிப்போ தேவையில்லை.

* தட்டச்சு செய்யக் கொடுக்கும்போதே "யூனிகோடில் அடிச்சுக் குடுங்க" என்று கேட்க வேண்டும். காசு கொடுப்பவர் கேட்டால் கடைக்காரர் செய்வார். கேட்காததால்தான் பழையபடியே நடக்கிறது.

* கோப்பு யூனிகோடா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸப்பில் பேஸ்ட் செய்து பார்க்க வேண்டும். தமிழாகவே தெரிந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்தாக மாறினால் பழைய எழுத்துரு.

* வீட்டிலோ கல்லூரியிலோ பழைய எழுத்துருவில் கோப்புகள் இருந்தால், எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிகள் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றியபின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஔ, கால், கொம்பு ஆகிய இடங்களில்தான் பிழை வரும்.

* 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து தமிழ்க் கோப்பு கேட்பவர்கள் அதைச் சொல்லியே யூனிகோடில் கேட்கலாம்.

* பள்ளியிலும் கணினி மையத்திலும் முதல் வகுப்பில் பெயின்ட் திறந்து வட்டம் வரைவதற்கு முன்னால், ஒவ்வொரு மாணவரும் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் அடித்து, அது உள்ளே எத்தனை எண்களாக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. பிட், பைட், குறியாக்கம், எழுத்துரு, கோப்பு எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

கணினி அறிவு என்றால் மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைக்கும் அளவுக்குப் படிப்பது என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது சிலருக்கான படிப்பு. தன் மொழியில் எழுதியது நாளைக்கும் தன் மொழியாகவே இருக்குமா என்று பார்த்துக்கொள்ளும் அறிவு எல்லோருக்கும் வேண்டியது. பட்டா மனு கொடுக்கும் பெரியவருக்கும் வேண்டும், ஐடி பூங்காவில் வேலை பார்க்கும் பொறியாளருக்கும் வேண்டும். கணினிக்குத் தமிழ் தெரியாது. சரியான எண்ணைக் கொடுத்தால் அது எத்தனை வருடமானாலும் சரியான தமிழைத் திருப்பிக் கொடுக்கும். அந்த எண்ணைச் சரியாகக் கொடுப்பது எழுதுகிறவர் பொறுப்பு.